புதன்கிழமை போன விதம்

என் செமினார் கட்டுரைக்கு நல்ல புள்ளி. விஷயம்: போன நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஒருவரின் கதைகளில் சமூக அநீதி. ஒரு நாவலில் பெரிய வீட்டு வேலைக்காரி, தான் உடைக்காத சாடிக்கு மன்னிப்புக் கேட்டு வேலையை இழக்கிறாள். 'இவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?' என்று பன்னிரண்டு பக்கம் கோபப்பட்டிருந்தேன். அடிக்குறிப்போடு கோபப்பட்டால் பேராசிரியருக்குப் பிடிக்கும்.

அந்தக் கிழமைதான், நாங்கள் வந்து குடியேறிய ஓர்லிகோனில், எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கிற மெஷின் பழுதானது. ஆறு குடும்பம், ஒரு மெஷின், ஆளுக்கொரு நாள். அம்மாவுக்குப் புதன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவவுக்கு லீவும் புதன்தான். ஞாயிறு தோய்க்கக்கூடாது என்பது கட்டடச் சட்டம், அது ஆண்டவருக்கும் அயலவருக்கும்.

அம்மா கீழே போகமுதலே மெஷின் செத்துக் கிடந்தது. ஆனால் உடைத்தது அம்மாதான் என்று மூன்றாம் மாடி மனிசி ஃப்ராவ் ஏக்லி முறையிட்டா. கட்டடம் பார்க்கிற ஹவுஸ்வார்ட் ஃப்ராவ் ஏக்லியையும் கூட்டிக்கொண்டு விசாரிக்க வந்தார். ஜெர்மன் மொழிபெயர்ப்பு வழக்கம்போல நான்.

"தம்பி, முதல்ல மன்னிப்புக் கேள், சொறி சொல்லு," என்றா அம்மா.

"நீங்கள் உடைக்கேல்லையே?"

"இல்லை. அதுக்கென்ன? சொறி சொன்னாச் சனம் குளிரும். நாளைக்கும் முகத்தில முழிக்கோணும்."

"இஞ்ச அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி, அம்மா."

"நீ சட்டமோ படிக்கிறாய்? கதைப் புத்தகம்தானே. சொல்லு."

சொன்னேன். கூடவே அம்மா ஒரு தட்டுப் பொரிச்ச பற்றிஸும் நீட்டினா.

"நேர்மைக்கு நன்றி," என்றார் ஹவுஸ்வார்ட்.

"ஐயோ, அவ உடைக்கேல்லை. இது எங்கட மரியாதை," என்றேன்.

"உடைக்காதவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார்?"

பன்னிரண்டு பக்கத்தில் எதுவும் உதவவில்லை. ஃப்ராவ் ஏக்லி பற்றிஸைக் கடித்து, நல்ல ருசி என்றா.

மெஷினைத் திருத்தினதும் புதன் ஃப்ராவ் ஏக்லிக்கு என்று தீர்த்தார் ஹவுஸ்வார்ட். எங்களுக்கு அவவின் திங்கள் காலை. அம்மா வேலையில், நான் வகுப்பில் இருக்கிற நேரம்.

"என்னவாம்?"

"புதன் இல்லையாம்."

"சண்டையில்லாமல் முடிஞ்சுதே," என்றா அம்மா. கதவைப் பூட்டிவிட்டு, வாசலில் இருந்த அழுக்குடுப்புக் கூடையைத் திரும்பவும் குளியலறைக்குக் கொண்டுபோனா.

ஞாயிற்றுக்கிழமை குளியல் தொட்டிக்குள் படுக்கை விரிப்புகளைக் கும்மினோம். ஒரு முனை அம்மா, மறுமுனை நான், முறுக்கிப் பிழிந்தோம்.

"தண்ணியைக் குறை. கீழ்வீட்டுக்குக் கேட்கப்போகுது."

குறைத்தேன். நூல் போல விழுந்தது. சவர்க்காரம் போகிற மாதிரித் தெரியவில்லை.