ஞாயிற்றுக்கிழமை ராணி

மேடையில் நான் வேம்புவுக்குப் புருஷன். சனிக்கிழமை ராத்திரி அவனுக்குத் தாலி கட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுடைய அரண்மனையில் திருடப் போவேன். மற்ற நாட்களில் நான் பாங்கியில் குமாஸ்தா, அவன் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர்.

இன்றைக்கு இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் குடும்பத்துப் பெண் எவளும் மேடையேற மாட்டாள். ஆகவே மயிலாப்பூரின் பதிவிரதைகள் அத்தனை பேரும் ஹைகோர்ட்டிலும் செக்ரெடேரியட்டிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மீசையை எடுத்துவிட்டுக் கற்பைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குள் வேம்பு மாதிரி ஒருவன் கிடையாது. புடவையைக் கட்டிக்கொண்டு அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்தால், பெண்கள் பக்கத்து மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து "பாவம்டி" என்று ஒரு பெருமூச்சு வரும். என் மனைவிகூட, "அவருக்குப் புடவை நிக்கற மாதிரி எனக்கு நிக்கலையே" என்பாள். இதற்கு ஒரு புருஷன் என்ன பதில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் குழந்தைகளுக்கென்றே வேம்பு ஆரம்பித்தது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து, தியாகராய நகர் என்று பெயர் வைத்து, மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த சமயம். அங்கே புதிதாகக் குடிபோனவர்கள் ஒற்றை மாட்டு வண்டியில் குழந்தைகளை அடைத்து அனுப்புவார்கள். அடையாற்றுப் பக்கத்திலிருந்து பாலம் தாண்டி நடந்தே வருகிறவர்களும் உண்டு. லஸ்ஸில் டிராம் மணி அடித்தால் எங்கள் கீற்றுக் கொட்டகைக்குள் கேட்கும். சுண்டல் வாசனை, புது டிக்காஷன் வாசனை, முகத்தில் பூசும் அரிதாரத்தின் வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு வாசனை உண்டே, அதை இப்போதைய குளிர்சாதனக் கொட்டகைகளில் எந்தக் கம்பெனியும் விற்பதில்லை.

கதை ரொம்ப எளிசு. ராணியின் மாணிக்கத்தைத் திருடன் எடுத்துக்கொண்டு சபையில் வந்து ஒளிந்துகொள்வான். ராணி முகத்தில் கையை வைத்துக்கொண்டு, "கண்ணுகளா, திருடன் எங்கே?" என்று கேட்பாள். உடனே அத்தனை குழந்தைகளும் கத்தும் கத்தலில் கீற்றிலிருந்து பல்லி விழும். திருடன் நான். எத்தனையோ வாரம் பிடிபட்டிருக்கிறேன். ஒரு வாரம்கூட அலுத்ததில்லை.

இந்தச் சந்தோஷத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தார் ராவ்பகதூர் ஸ்ரீரங்கன்.

டெபுடி கலெக்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் பிறர் ஒழுக்கத்தில் ஏற்படும் அக்கறை உத்தியோகத்தில் இருந்தபோது ஏன் ஏற்படுவதில்லை என்பது ஆராயவேண்டிய விஷயம். அவர் தும்மினால்கூட முதலில் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டுதான் தும்முவார். 'சன்மார்க்க விருத்தி சங்கம்' என்று ஒன்றை ஏற்படுத்தி அதற்குத் தாமே தலைவராகி, தம்மைத் தாமே வரவேற்றுப் பேசியிருந்தார். வேம்புவின் பள்ளிக்கூடத்துக்குக் காரியதரிசியும் அவர்தான். வினையே அதில்தான்.

பங்குனி மாதம் ஒரு நாள் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்: ஆண்பிள்ளை பெண் உடை தரித்து நிற்பதைப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட யாரும் மயிலாப்பூரில் பார்க்கக்கூடாது. மறுநாள் ராவ்பகதூர் வேம்புவை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். தனியாகப் போகப் பயந்துகொண்டு அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"வேம்பு, நீ குழந்தைகளுக்குப் பாடம் சொல்றவன். அதுகள் முன்னாடி புடவையைக் கட்டிண்டு நிக்கறது என்ன லட்சணம்? பிஞ்சு மனசு கெட்டுப்போயிடாதோ?"

"எப்படிக் கெடும் சார்?"

"எப்படின்னா?" ராவ்பகதூரை இந்தக் கேள்வி இதுவரை யாரும் கேட்டதில்லை. "கெடும்! புருஷன் யாரு, ஸ்திரீ யாருன்னு குழம்பிப்போயிடும்."

"குழந்தைகளுக்குக் குழம்பறதே இல்லை சார். ஆட்டம் முடிஞ்சதும் ராணிகிட்டயே ஓடிவந்து, 'சார், நாளைக்குக் கலர் பென்சில் கொண்டுவரணுமா'ன்னு கேக்கறதுகள்."

ராவ்பகதூர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "இதோ பாரு. இந்த ஞாயித்துக்கிழமை உன் ராணி மேடையேறினா, திங்கட்கிழமை நீ ஸ்கூல் வாசப்படி ஏறப்படாது. இன்னொண்ணு. உன் கிளாஸ்ல இருக்கற ஒரு பையன் கண்ணுலயும் இந்தக் கண்றாவி படப்படாது. பொறுப்பு உன்னோடது."

வேம்பு தன் வீட்டை நினைத்துப் பார்த்தான். வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், தாயார். டிராயிங் மாஸ்டர்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்க யாரும் தெருவில் காத்துக்கொண்டிருக்கவில்லை.

"சரி சார். ஒரு பையன் கண்ணுலயும் படாது."

வெளியே வந்ததும் "விட்டுடப்போறியாடா?" என்று கேட்டேன். குளக்கரை வரையில் நடந்தான். பிறகு, "சனிக்கிழமை போனாப் போறதுடா. ஞாயித்துக்கிழமையை விடமுடியாது" என்றான். அவன் குரலில் ராணி இல்லை, டிராயிங் மாஸ்டரும் இல்லை.

அந்த வாரம் பெருமாள் கோயிலில் பிரம்மோத்ஸவம். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பெருமாள் பல்லக்கில் புறப்பாடு. தெரு முனையில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்குகிற தொண்டு வருஷா வருஷம் வேம்புவின் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு. நானும் பாங்கிக்குப் போகிற வழியில் நின்றேன். நாடகங்களுக்கு டோப்பா என்கிற பொய்முடியும் உடுப்பும் தைத்துக் கொடுக்கிற கச்சேரி ரோடு கரீமுல்லா, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சந்தில் நின்றிருந்தார்.

நாகஸ்வரம் நெருங்கியது. பல்லக்குக்கு முன்னால் தலையில் பரிவட்டத்தோடு ராவ்பகதூர் நடந்து வந்தார். ஐந்தாம் நாள் உபயம் அவருடையது.

பல்லக்கு முனை திரும்பியதும் வேம்பு டிரில் மாஸ்டரைப் போல ஒரு சத்தம் போட்டான்.

"அபௌட் டர்ன்! கண்ணை மூடு!"

பையன்கள் அத்தனை பேரும் கயிற்றோடு திரும்பி, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். கயிறு குறுக்கே இழுபட்டு வழியை அடைத்துக்கொண்டது. பல்லக்கு நின்றது. நாகஸ்வரம் பாதியில் இளைத்தது.

"வேம்பு! என்னடா அநியாயம் இது?" ராவ்பகதூர் கர்ஜித்தார். "பெருமாள் எழுந்தருளறார், பசங்கள் முதுகைக் காட்டிண்டு நிக்கறதுகள்!"

வேம்பு கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, புக்ககத்துக்கு வந்த புது மருமகளைப் போலச் சொன்னான்: "சங்கத் தீர்மானம் சார். பதினாறு வயசுக்குக் கீழே இருக்கறவா பார்க்கப்படாதுன்னு..."

"யாரைப் பார்க்கப்படாது?"

வேம்பு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பல்லக்கைப் பார்த்தான். தெருவே பல்லக்கைப் பார்த்தது.

ஐந்தாம் நாள் காலை நாச்சியார் திருக்கோலம். பெருமாள் அரக்குப் பட்டுப் புடவை கட்டி, பின்னல் பின்னி, பூ வைத்து, மூக்குத்தி போட்டுக்கொண்டு, தம் தேவியைப் போலவே ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தார். புடவையும் ராவ்பகதூர் உபயந்தான்.

ராவ்பகதூரின் கை பரிவட்டத்துக்குப் போயிற்று.

"அது... பெருமாள்!"

"ஆமாம் சார்."

"பெருமாளும் நீயும் ஒண்ணாடா?"

"அபசாரம்! நான் அப்படிச் சொல்லுவேனா? தீர்மானத்துல பெருமாளுக்கு விலக்குன்னு போடலை. பொறுப்பு என்னோடதுன்னேள். வேலை போயிடுமேன்னு பயந்து நடந்துக்கறேன்."

கரீமுல்லா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "நம்ம வேம்பு சார் ஆக்டிங்கைப் பாத்தியா நைனா? டோப்பாகூட இல்லாம இன்னா போடு போடுறார்!"

வாசல்களில் கர்ப்பூரத் தட்டோடு நின்ற பெண்கள் வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் ராவ்பகதூரின் மனைவிதான் தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, வெயில் ஏறறது. குழந்தைகளைத் திரும்பச் சொல்லுங்கோ. உங்க தீர்மானத்துக்காகப் பெருமாள் எத்தனை நாழி நிப்பார்?"

"திரும்புங்கோடா!" என்று கத்தினார் ராவ்பகதூர். "திரும்பி நன்னா சேவியுங்கோ! கண்ணைத் திறந்து பாருங்கோ!"

பையன்கள் திரும்பினார்கள். அவ்வளவு ஆவலோடு பெருமாளைச் சேவித்த கூட்டத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை. ஏதோ பார்க்கக்கூடாத ஒன்று என்று எண்ணிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இதோடு தீர்ந்துவிடவில்லை. ராவ்பகதூர்கள் தெருவில் தோற்பார்கள், கூடத்தில் தோற்கமாட்டார்கள். அன்று சாயங்காலமே மறுபடி ஆள் வந்தது; நானும் வேம்புவோடு போனேன்.

"பெருமாள் வேற, கூத்து வேற" என்றார். "சங்கத்துல விலக்கு எழுதிச் சேர்த்தாச்சு. ஞாயித்துக்கிழமை விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்."

வேம்புவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நான் பார்த்த ஒரே கோபம். "வேறதான் சார். நான் வெறும் மனுஷன், வேஷம் போடறவன். ஆனா எது தப்புன்னு சொல்லுங்கோ. புடவையா? அது உங்க ஆத்துலயும் இருக்கு. ஆம்பளையா? அது நீங்களும் நானும். ரெண்டும் சேர்ந்தா தப்புன்னா, காலம்பற தெருவே கன்னத்துல போட்டுண்டு நின்னுதே! நீங்க ஒரு ஆட்டம்கூடப் பார்க்காம தீர்மானம் போட்டேள். வந்து பாருங்கோ. கெட்டுப்போற குழந்தை ஒண்ணைக் காட்டுங்கோ. நானே ராஜினாமா எழுதித் தரேன்."

ராவ்பகதூர் யோசித்தார். நேரில் வந்து கண்டிக்கிற வாய்ப்பை அவர் எப்போதும் நழுவவிட்டதில்லை.

"வரேன். காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புருவம் தீட்டக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்த வேம்பு மூன்று தடவை துடைத்துவிட்டு மறுபடி தீட்டினான்.

"இன்னா சார் இது, ஒரு புருவம் அடையாறு பக்கம் போய்க்கினு கீது" என்று சொல்லிக் கரீமுல்லா குச்சியை வாங்கித் தாமே தீட்டினார்.

"பாய், நாளைக்கு வேலை போச்சுன்னா ஆத்துல என்ன சொல்றது?"

"அத்த நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப வாயை மூடு, ராணி. சாயம் கலையுது."

ராவ்பகதூர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கைத்தடி, மூக்குக்கண்ணாடி, நெற்றியில் பளிச்சென்று திருமண். கெடப்போகிற குழந்தையைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இதன் பலன் அவர் எதிர்பாராதது. குழந்தைகளில் பாதி அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். செக்ரெடரியைக் கண்டதும் கொட்டகை பரீட்சை ஹால் ஆகிவிட்டது. எந்தத் தமாஷுக்கும் சிரிப்பில்லை. சுண்டல் மெல்லுகிற சத்தம்கூட இல்லை.

திருடனான நான் மாணிக்கத்தை எடுத்துக்கொண்டு கீழே குதித்தேன். ஒளிய வேறு இடம் தோன்றவில்லை. ராவ்பகதூரின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குந்தினேன்.

ராணி வந்தாள். முகத்தில் கையை வைத்துக்கொண்டாள். "கண்ணுகளா, திருடன் எங்கே?"

சத்தமே இல்லை. கதை அதற்கு மேல் நகராது. குழந்தைகள் சொன்னால்தான் நகரும்.

"கண்ணுகளா?" ராணி முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சபையைப் பார்த்தாள். அது நடிப்பா என்று அவளுடைய புருஷனான எனக்கே தெரியவில்லை.

பிறகு வேம்பு செய்ததை எந்த ஒத்திகையிலும் செய்ததில்லை. மேடையிலிருந்து இறங்கி, கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நேரே ராவ்பகதூர் எதிரில் வந்து நின்றான்.

"பெரியவரே, இந்தச் சபையில் வயதில் மூத்தவர் நீங்கள்தான். என் மாணிக்கம் போய்விட்டது. திருடன் எங்கே என்று நீங்களாவது சொல்லக்கூடாதா?"

ராவ்பகதூரின் முதுகு எனக்கு எதிரில் இருந்தது. முதலில் அது விறைத்தது. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்யக் கை போயிற்று; பாதியில் நின்றது. பிறகு அந்த முதுகு திடீரென்று எழுந்து நின்றது.

"பின்னாடி! என் நாற்காலிக்குப் பின்னாடி! இதோ இருக்கான் ராணி, விடாதே!" என்று கூவியபடி கைத்தடியால் என் முதுகில் ஒன்று போட்டார். நடிப்புக்காகப் போட்ட அடி அல்ல அது.

அவ்வளவுதான். குழந்தைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தின கத்தல் டிராம் மணியை விழுங்கிவிட்டது. "செக்ரெடரி தாத்தா பிடிச்சுட்டார்! செக்ரெடரி தாத்தா பிடிச்சுட்டார்!" நான் கொட்டகையைச் சுற்றி ஓடினேன். ராவ்பகதூர் துரத்தினார். அங்கவஸ்திரம் எங்கேயோ விழுந்து கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அந்த இடத்தில் வீடுகள். பேசும்படம் வந்தது, நிஜப் பெண்களே ராணியானார்கள். நல்லதுதான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் திரையிலிருக்கிற ராணி இறங்கிவந்து, திருடன் எங்கே என்று யாரையும் கேட்பதில்லை. பார்க்கிறவர்களும் திருடன் எங்கே இருந்தால் என்ன என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்று ஆட்டம் முடிந்து உள்ளே வந்தோம். வேம்பு டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படுதாவை விலக்கிக்கொண்டு ராவ்பகதூர் வந்தார். வேர்த்திருந்தது. திருமண் ஒரு பக்கம் கரைந்து இறங்கியிருந்தது.

"வேம்பு."

"சார்." புடவையோடு எழுந்து நின்றான்.

"கொசுவம் இடது பக்கம் இறங்கியிருந்தது. ராணின்னா அப்படி இருக்கப்படாது. எங்காத்துல மாமியைக் கேளு, கட்டிக் காட்டுவா."

"சரி சார்."

ராவ்பகதூர் போகத் திரும்பினார். படுதாவை விலக்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு முதல் பீரியட் டிராயிங். முகத்தை நன்னா அலம்பிண்டு வா."