வடக்கே தள்ளிய மழை

டர்சோனோவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரையிலிருந்து சாரத்துக்கு, சாரத்திலிருந்து கரைக்கு, மறுபடி காப்பிக் குடுவைக்கு என்று விடிந்ததிலிருந்து அலைந்துகொண்டே இருந்தார். பழைய ரயில் பாலத்தைப் பிரித்துத் தூக்கியாயிற்று. பாலத்தைத் தாங்கும் புதிய கர்டர் ஆற்றின் நடுவே நட்ட இரும்புச் சாரத்தின்மேல் உட்கார்ந்து, பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாகத் தன் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. சாரத்துப் பலகைகளில் குந்தி ஆட்கள் ஜாக்கி போட்டுத் தள்ளினார்கள். வானம் கழுவித் துடைத்தது மாதிரி நீலமாக இருந்தது. மழைக்காலமான ஜனவரியில் பன்யுமாஸ் பக்கம் அப்படி ஒரு வானம் லேசில் கிடைக்காது. மற்றவர்களுக்கெல்லாம் அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. டர்சோனோவுக்கு மட்டும் இல்லை.

"பாக், கொஞ்சம் உட்காருங்களேன்! நீங்க நடக்கிற நடையில ஜல்லியெல்லாம் மாவாப் போவுது" என்று, பெரியவர்களுக்கான 'பாக்' மரியாதை குறையாமல், சாரத்திலிருந்து கத்தினான் மேஸ்திரி கஸ்வான். "மாப்பிள்ளை ஓடிப்போயிட மாட்டான். அவனுக்கும் வேற பொண்ணு கிடைக்கலயாம்."

ஆட்கள் சிரித்தார்கள். டர்சோனோவும் பல்லைக் காட்டிவைத்தார்.

அன்று அவர் மகள் நூனிங்குக்குக் கல்யாணம். பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். பெண்ணும் பையனும் பிறந்த கிழமைகளைக் கூட்டிக் கழித்துப் பெரியவர்கள் குறித்த நாள் அது, தலைகீழாக நின்றாலும் மாறாது. ரயிலை நிறுத்திப் பாலம் மாற்ற ரயில்வே கொடுத்த நாளும் அதுவேதான், அதுவும் மாறாது. பூர்வோகெர்த்தோவில் குளிர்ந்த அறையில் இருக்கும் கம்பெனி முதலாளி, "பாலத்தைப் போடு, அப்படியே போய்க் கல்யாணத்தையும் முடி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் பழுதான தண்டவாளத்தை மாற்றி, புதுச் சிலீப்பர் போட்டு, ஜல்லி இடித்து, மாதக்கணக்காக டர்சோனோவின் பொறுப்பில் நடந்து வந்த வேலை. உச்சிக்குள் கர்டரைப் பொருத்திவிட்டு மோட்டார் சைக்கிளை விரட்டினால், குளித்துவிட்டு மகளுக்குத் தகப்பனாக உட்கார நேரம் இருக்கும். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சரியில்லாமல் இருந்தது வேறொன்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலத்தில், மந்திரம் போட்டு மழையைத் தள்ளிவிடும் மழைக்காரரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தில் எவனும் கான்கிரீட் கொட்ட மாட்டான், பந்தல் போட மாட்டான். கம்பெனிக்கு வாடிக்கையான மழைக்காரர் சுகிர்மான். முந்தாநாள் கம்பெனி சார்பில் சிகரெட்டும் சாம்பிராணியும் எடுத்துக்கொண்டு டர்சோனோதான் போனார். மழையை இல்லாமல் ஆக்க யாராலும் முடியாது, எங்கேயாவது அனுப்பத்தான் முடியும். அதனால் சுகிர்மான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"தெக்கதானே? கடலுக்குத் தள்ளிடட்டுமா?"

தெற்கேதான் டர்சோனோவின் ஊர். அங்கேதான் வாழைத்தாரும் தென்னங்குருத்தும் கட்டி, நூனிங்கின் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது.

"இல்ல பாக், வடக்கே தள்ளிடுங்க."

"வடக்கே மலையில்ல இருக்கு?"

"மலைக்கு மழை என்ன புதுசா?"

இருவரும் சிரித்தார்கள், காப்பி குடித்தார்கள். பாதி வழி திரும்பி வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஸ்லாமெட் மலையில்தான் இந்த ஆறு பிறக்கிறது. அங்கே கொட்டினால் இங்கேதான் வந்து இறங்கும், நேராகச் சாரத்தின் காலடிக்கு. ஆயுசு முழுக்க ஆற்றின் மேல் பாலம் போட்ட மனுஷனுக்கு இது அங்கேயே தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அதையாவது மன்னித்துவிடலாம். தோன்றிய பிறகும் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றாரே தவிர, திருப்பவில்லை. கண்ணுக்குள் பந்தலும் புதுச் சேலையில் நூனிங்கும்தான் நின்றார்கள். நாளைக்கு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்துவிட்டார்.

மறுநாள் முழுக்கச் சுகிர்மான் போனை எடுக்கவே இல்லை. இன்றைக்கும் எடுக்கவில்லை. நோன்பிருந்து சாம்பிராணி போட உட்கார்ந்துவிட்டால் அவர் யாரோடும் பேச மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அப்படியானால் மழை வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இங்கே இத்தனை நீலம்.

டர்சோனோ வடக்கே பார்த்தார். மலையைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் கரும்புகை மாதிரி ஏதோ அடைத்திருந்தது.

ரயில்வே தரப்பில் மேற்பார்வைக்கு வந்திருந்த எஞ்சினியர் எண்டா, கரைத்தூணருகே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாண்டுங்கில் படித்த பெண், எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள். டர்சோனோ அவளிடம் போனார்.

"இபூ, ஆளுங்களைக் கரைக்கு ஏத்திடலாம்" என்றார், அம்மா என்று கூப்பிடும் மரியாதையோடு.

"ஏன்? இன்னும் ஒரு சாண்தானே பாக்கி?"

"தண்ணி வரும்."

அவள் ஆற்றை எட்டிப் பார்த்தாள். கணுக்காலை நனைக்கும் அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். "மழை வரலாம், வராமலும் போகலாம்னு போட்டிருக்கு. அது தினமும் இதையேதான் போடுது. பாக், வேலையை நிறுத்தினா ரயிலெல்லாம் நிக்கும், நான் மேல காரணம் சொல்லணும். என்னன்னு சொல்லட்டும்?"

சொன்னால் கம்பெனியின் மழைக்காரரைச் சொந்தப் பந்தலுக்குத் திருப்பியது வெளியே வரும். வேலை போனாலும் போகும். அதைவிட, தெரிந்தே சாரத்தில் ஏற்றினான் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கடைசி ஒரு சாண் முடிந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அந்த ஆசை அவரை நிஜமாகவே பிடித்து இழுத்தது. அவர் சாரத்தைப் பார்த்தார். கஸ்வான் பலகையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பச்சை மிளகாயைக் கடித்து மெண்டோவான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

"நான்தான் மழையை வடக்கே தள்ளச் சொன்னேன்" என்றார். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "மக கல்யாணத்துப் பந்தல் நனையக் கூடாதுன்னு, சுகிர்மான்கிட்ட நானே சொன்னேன்."

ஜாக்கிச் சத்தம் நின்றது.

எண்டா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

"வடக்கே."

சிரிப்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வடக்கே திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், முகம் வெளுத்தது, விசிலை எடுத்து ஊதினாள். "எல்லாரும் கரைக்கு! சாமானை விட்டுட்டு வாங்க!" ஆயிரம் படித்தாலும் அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான்.

ஆட்கள் ஏணி வழியே கரையேறினார்கள். கஸ்வான் கடைசியாக வந்து டர்சோனோவுக்கு நேர் எதிரே நின்றான்.

"தெரிஞ்சேவா எங்களைச் சாரத்துல ஏத்துனீங்க, பாக்?"

"தெரிஞ்சேதான்."

"நல்லாருக்கு. உங்க பந்தல் நனையக் கூடாது. நாங்க நனைஞ்சா பரவாயில்ல, அப்படித்தானே?"

டர்சோனோவுக்கு வெட்கம் காதுவரை சுட்டது.

பிறகு எதுவும் நடக்கவில்லை. ஆறு பாட்டுக்கு ஓடியது. கரையில் வரிசையாகக் குந்தியிருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எண்டா வாயிலிருந்த விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மேலேயிருந்து அவளுக்குப் போன் வந்தது. நகத்தைக் கடித்தபடி, எடுக்காமலே விட்டாள்.

"என் சோத்துப் பொட்டலம் அங்கயே இருக்கு" என்று எழுந்தான் கஸ்வான். "எடுத்துட்டு, அப்படியே ஜாக்கிய நாலு தட்டு தட்டுனா சோலி முடிஞ்சுது. வாங்கடா."

டர்சோனோ ஏணியை மறித்துக்கொண்டு நின்றார்.

"நகருங்க பாக்."

"மாட்டேன்."

"உங்க மேல கை வைக்க வச்சிராதீங்க. கல்யாண நாளும் அதுவுமா."

"வை. ஆனா இறங்காத."

இருவரும் முறைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த இரைச்சல் கேட்டது. முதலில் ரயில் வருகிறது என்றே எல்லோரும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள். வளைவைத் தாண்டிச் செம்மண் குழம்பாகத் தண்ணீர் வந்தது. மூங்கில் புதரும் வேரோடு பிடுங்கிய மரமும் அதில் புரண்டு வந்தன. சாரம் முழுக்க ஒருமுறை நடுங்கியது. ஒரு கால் வளைந்தது. ஆட்கள் குந்தியிருந்த பலகைகள் ஒன்றுவிடாமல் பிய்ந்து போயின. கர்டர் மட்டும் முனகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. கஸ்வானின் சோற்றுப் பொட்டலம் இருந்த பலகை தலைகீழாகப் புரண்டு, தெற்கே போயிற்று.

கஸ்வான் அதைப் பார்த்தான். ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

மலையாறு வந்த வேகத்தில் வடியவும் செய்யும். வளைந்த காலுக்கு முட்டுக்கொடுத்து, புதுப் பலகை கட்டி, அந்த ஒரு சாணையும் தள்ளி முடிப்பதற்குள் அசர் வந்துவிட்டது. டர்சோனோவின் இடத்தில் அவர் தம்பியை உட்காரச் சொன்னார்கள். போனை உரக்க வைத்துக்கொண்டு சிலீப்பர் கட்டைமேல் சேறோடு நின்றார் அவர். மாப்பிள்ளை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டதும், நிக்காஹ் செல்லுமா என்று யாரோ கேட்டார். "செல்லும்! செல்லும்!" என்று போனுக்குள் சாட்சிகள் கத்த, சாரத்திலிருந்து கஸ்வானும் ஆட்களும் கத்தினார்கள். டர்சோனோ அழுதார். யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

முதல் ரயில் ஊர்ந்து பாலத்தைத் தாண்டிய பிறகு எல்லோரும் வண்டிகளை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனார்கள். அங்கே பந்தல் சொட்டிக்கொண்டிருந்தது. மழை வராமலிருக்க மனைவி மிளகாய் குத்தி நட்டுவைத்த துடைப்பமும் நனைந்து சாய்ந்து கிடந்தது. மதியமே அடித்து ஊற்றிவிட்டதாம். நூனிங் ஈரச் சேலையோடு ஓடிவந்து, அப்பாவின் சேற்றுக் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

மூலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு சூப்பு குடித்துக்கொண்டிருந்தார் சுகிர்மான். டர்சோனோ பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்ன பாக், வடக்கே தள்ளுனது இங்கயும் வந்து ஊத்தியிருக்கு?"

சுகிர்மான் சங்கடமாக நெளிந்தார். "உண்மையச் சொல்லிடறேன், திட்டாதீங்க. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே காய்ச்சல் வந்து படுத்துட்டேன். சாம்பிராணிகூடப் போடல. மழையை எந்தப் பக்கமும் தள்ளல. அது பாட்டுக்குத்தான் பெஞ்சிருக்கு."

டர்சோனோ நிமிர்ந்து பார்த்தார். பந்தலின் மறுகோடியில் கஸ்வான், இரண்டு தட்டுச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் நடுவே கதை அளந்துகொண்டிருந்தான். "எங்க பாக் பண்ண பாவம் இருக்கே! ஆனா ஒண்ணு, அவரு கரையேறுன்னா இனிமே மறுபேச்சே கிடையாது. வானம் நீலமா இருந்தாலும் ஏறிடுவோம்."

"அவன்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று எழுந்தார் சுகிர்மான். "உங்க மேல இருக்கிற பழி போயிடும்ல?"

டர்சோனோ அவர் சால்வையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வேணாம் பாக். வடக்கேதான் தள்ளுனீங்க. யாரு கேட்டாலும் வடக்கேதான்."