ஒரு ஸ்ட்ரெச்சருக்கு இடம்

"ஒம்பது லட்சம்" என்றார் ஹெலிகாப்டர் தரகர் போனில். இறந்துபோன தங்கையை அயல்நாட்டு மலையிலிருந்து இறக்கிக் கொடுக்க அதுதான் விலை.

"ஏழுன்னா இப்பவே அனுப்புறேன்" என்றான் அண்ணன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். இரும்புக்கடையோடு அப்பா அவனுக்கு விட்டுப்போன மூலதனம் அந்த மௌனம்தான்: விலை சொன்ன பிறகு முதலில் வாய் திறக்கிறவன் இறங்கி வருவான். தரகர் வாய் திறந்தார். ஏழரைக்குப் படிந்தது. ஒரு நொடி அவனுக்கு மனம் குளிர்ந்தது.

திரும்பினால் அம்மா நிற்கிறாள்.

"அவளுக்குமாடா பேரம் பேசுன?"

அம்மா கூடத்துக் கட்டிலில் புது விரிப்பைப் போட்டு நீவத் தொடங்கினாள். "மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும்டா. வேற ஒண்ணும் கேக்கல."

தங்கை நர்ஸ். வருடா வருடம் லீவைச் சேர்த்துவைத்து, மருத்துவக் குழுவோடு சம்பளமில்லாமல் அந்த மலைக்குப் போவாள். "சும்மா வேல பாக்க டிக்கெட்டும் நீயே எடுக்குற. நம்ம வம்சத்துல இப்படி ஒரு யாவாரத்த எவனும் பண்ணதில்ல" என்று அண்ணன் சீண்டுவான். "அதான் என்னைக் கடையில உக்கார வைக்கலயே" என்பாள். இந்த முறை அந்த உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. விடியுமுன் முடிந்துவிட்டது.

மதியம் குழுவின் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அண்ணே, ஹெலிகாப்டர் வந்துருச்சு. ஒரு ஸ்ட்ரெச்சருக்குத்தான் இடம். இங்க ஒரு பொண்ணுக்குப் பிரசவம் சிக்கிருச்சு. கீழ கொண்டுபோகலன்னா ரெண்டு உயிரும்..." நிறுத்தினார். "நீங்க பிடிச்ச வண்டி. உங்களக் கேக்காம ஏத்த மாட்டேங்குறாங்க."

"அடுத்த நடை?"

"மேகம் மூடிட்டு வருது. மூடுனா ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் தங்கச்சிய வச்சிருக்க முடியாது. இங்கயே அடக்கம் பண்ணணும்."

"அந்தப் பொண்ண யார் பாத்துக்கிட்டா?"

"உங்க தங்கச்சிதான். தனக்கே மூச்சு வாங்குது, ராத்திரி முழுக்கப் பக்கத்துலயே உக்காந்திருந்தா. கீழ எறங்குடின்னு எவ்வளவோ சொன்னேன்."

அவன் மௌனமானான். பழக்கம். எதிர்முனையிலும் பேச்சில்லை. டாக்டரம்மாவுக்கு வியாபாரம் தெரியாது, அழுதுகொண்டிருந்தார், அவ்வளவுதான். கூடத்தில் அம்மா தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ண ஏத்துங்க" என்று அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

பிறகு கேட்டான்: "தங்கச்சிக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கோம்ணே."

"அவ குளிர் தாங்க மாட்டா."

போனை வைத்ததும் அம்மா கேட்டாள்: "என்னடா, கெளம்பிட்டாளா?"

"அங்க மேகம்மா."

"அப்ப நாளைக்கு வந்துருவாளா?"

"ம்."

சாயங்காலம் வாசலில் நாற்காலி வாடகைக்காரர் பில் புத்தகத்தோடு வந்து நின்றார். நாற்காலி ஐம்பது, மின்விசிறி இரண்டு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தன நாளைக்குன்னு போடட்டும், முதலாளி?"

உள்ளே அம்மா விளக்கைப் போட்டுவிட்டு, கட்டிலுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். வாடகை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

வாடகைக்காரர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு நாள் கணக்கைக் காலியாக விட்டு, அடியில் 'பாக்கி' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.