காயாத மூன்றாம் பத்தி

தையல்காரியின் மகள் எழுதிய கட்டுரையின் மூன்றாம் பத்தி ஆறு நாளாகியும் காயவில்லை. வெளிநாட்டுச் சட்டைகளுக்கு இறக்குமதி வரியை உயர்த்தலாமா என்று வர்த்தக அமைச்சகம் பள்ளி மாணவர்களிடம் கட்டுரை கேட்டிருந்தது. தேர்வாகும் கட்டுரை, வரியை முடிவு செய்யும் கூட்டத்தில் வாசிக்கப்படும். கப்பலில் வந்த மலிவுச் சட்டைகளால் அம்மாவின் நான்கு தையல் இயந்திரங்களில் மூன்று விற்றுப்போயிருந்தன. அதனால் மகள், வரியை உயர்த்தினால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். முதல் இரண்டு பத்திகள் எழுத எழுதக் காய்ந்தன. மூன்றாவது, வெயிலில் வைத்தாலும் இஸ்திரி போட்டாலும் மை விரலில் ஒட்டியது. பொருளாதார ஆசிரியை தாளைச் சாய்த்துப் பார்த்தார்.

"பேனாவ மாத்திப் பாத்தியா?"

"மூணு மாத்திட்டேன் மிஸ்."

"எனக்கும் பிடிபடலம்மா."

'எல்லோரும்' என்ற சொல்தான் அதிகம் கசிந்தது. யார் அந்த எல்லோரும் என்று பார்க்கக் கிளம்பியவள், முதலில் பள்ளியைப் பெருக்கும் அக்காவிடம் கேட்டாள். மூன்று பிள்ளைகளுக்கும் அவர் வாங்கியது கப்பல் சட்டைதான்.

"தைக்கக் குடுத்தா அந்தக் காசுக்கு ஒரு சட்டைதான் வரும் பாப்பா. மத்த ரெண்டும் பனியனோட பள்ளிக்கூடம் போகுமா?"

அன்று இரவு தாளை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா தைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ யாரு பக்கம்டி?"

"தெரியலம்மா. தெரியலன்னுதான் எழுதப்போறேன்."

நூல் தீர்ந்தது தெரியாமல் அம்மா ஒரு சட்டைக் கை முழுவதையும் தைத்து முடித்தாள். பிறகு, "நம்ம பட்டனும் அதே கப்பல்லதான் வருது. அதையும் எழுது," என்றாள்.

மகள் மூன்றாம் பத்தியைப் புதிதாக எழுதி, அதையும் சேர்த்தாள். வரி உயர்ந்தால் அம்மாவுக்கு இயந்திரங்கள் திரும்பலாம், ஆனால் பெருக்கும் அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டை இருக்காது, அவர்களுக்கு என்ன வழி என்று கேட்டாள். கேள்விக்குறி போடுவதற்குள் பத்தி காய்ந்துவிட்டது.

கூட்டத்தில் அதை வாசித்தார்கள். வரி கொஞ்சம் உயர்ந்தது. இயந்திரம் ஒன்று வீடு திரும்பியது. அந்த அக்கா அடுத்த வருடம் இரண்டு சட்டைதான் வாங்கினார். மகள் தன் கட்டுரையில் இன்னொரு பத்தி சேர்த்து மறுபடி அனுப்பினாள். அதன்பின் வருடாவருடம் இரும்பு, பால்பவுடர், சைக்கிள் என்று ஒவ்வொன்றின் வரியைப் பற்றியும் அந்தப் பள்ளியில் முப்பது நாற்பது பேர் எழுதினார்கள். ஈரம் நிற்கும் இடத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, துறைமுகத்துக்கும் கடைகளுக்கும் கேள்வியோடு ஓடினார்கள். காயாத தாள்களைத் தொங்கவிடப் பள்ளி நடையில் கொடி கட்டி கிளிப் வாங்கிப் போட்டார்கள். வரியை உயர்த்தி அமைச்சகம் அனுப்பிய ஆணையில், 'இதனால் எல்லோரும் பயனடைவார்கள்' என்ற ஏழாம் பிரிவும் அங்கேதான் தொங்குகிறது. இன்னும் மை சொட்டும் என்பதால் அதனடியில் எல்லோரும் சற்று ஒதுங்கி நடக்கிறார்கள்.