சீட் பெல்ட் போட்ட வாளி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இன்று காலையில்தான் பிறந்தது, பெட்ரோல் பங்கில். இன்னும் மதியம்கூட ஆகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று கை பறக்கிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுங்களா.

ஓரின் பிக்கெட்டின் பழைய பிக்கப் வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. பக்கத்து இருக்கையில், போன வசந்தத்தில் கண்மூடும் வரைக்கும் அவர் மனைவி வெர்னா உட்கார்ந்து வந்த இடத்தில், ஒரு தகர வாளி. வாளி நிறைய மண். வாளிக்குக் குறுக்கே சீட் பெல்ட்.

"என்ன ஓரின், வாளியைக் குடும்பத்தோட சேர்த்துக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொண்டு போகும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க தோட்டத்துல வெர்னாவோட மரத்தடி மண்ணு. வளைவுல திரும்பினா சாஞ்சிடும்ல?" என்றார்.

எனக்குப் புல்லரித்துப்போனது. இன்று எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தைத் திறக்கிறார்கள். குழந்தைகளுக்கு நான் கதை சொல்வதாக ஏற்பாடு. நிலாவைப் பார்த்துக் குரைக்கும் நரி ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த நரியை பெட்ரோல் பங்கிலேயே இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

2

தொடக்கம் எழுதுகிறேன், பாருங்கள்.

'வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, மலைகளுக்கு நடுவே, ஆப்பிள் மணக்கும் ஒரு பள்ளத்தாக்கில்' (வேண்டாம். வீடு விற்க வந்தவன் பேச்சு மாதிரி இருக்கிறது.)

'விஷம் என்பது' (இதையும் விடுங்கள். 'என்பது' என்று ஆரம்பிக்கும் எந்தக் கதைக்கும் நான் உட்கார்ந்ததில்லை.)

'அந்தக் காலத்தில் ஆப்பிளுக்குள் புழு' (ஆ! இது நகர்கிறது.)

அந்தக் காலத்தில் ஆப்பிளுக்குள் புழு வைத்தது. அதைக் கொல்ல ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து மரமெல்லாம் அடித்தார்கள். ஓரினின் தாத்தா அடித்தார், அப்பா அடித்தார். யாரும் பொல்லாதவர்கள் இல்லை, கடையில் விற்ற மருந்தை வாங்கினார்கள். பிறகு வேறு மருந்து வந்தது. சில தோட்டங்களில் மரத்தைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய ஓர் இடத்தில் பள்ளிக்கூடம் எழுந்தது. எல்லாம் மாறியது, பொடி மட்டும் மேல்மண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தது. மழை அதைக் கரைக்கவில்லை, பனி அதைக் கொண்டுபோகவில்லை.*

* பயந்துவிடாதீர்கள், ஆப்பிளைத் தாராளமாகச் சாப்பிடலாம். மரம் அதைப் பழத்துக்குள் அவ்வளவாக ஏற்றுவதில்லை. ஆபத்து மண்ணிலேயே இருக்கிறது. மண் கைக்கு வரும், கை வாய்க்குப் போகும். ஐந்து வயதில் கை எந்நேரமும் எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

3

இப்போது மரிசெலாவைக் கூட்டிவர வேண்டும். மழலையர் வகுப்பு ஆசிரியை. ஆப்பிள் பறிக்க வந்தவர்களின் மகள். இதே பள்ளியில், இதே வகுப்பில், வெர்னாவிடம் படித்தவள். வெர்னா ஓய்வுபெற்றபோது அந்த நாற்காலிக்கு வந்தவள்.

மாநிலத்து ஆட்கள் மண்ணைச் சோதித்து, இங்கே விளையாடக் கூடாது என்று சொல்லி, மைதானத்தைச் சுற்றி வேலி போட்டதிலிருந்து அவள் பிள்ளைகளுக்கு விளையாட்டு கார் நிறுத்துமிடத்தில்தான். தார்த் தரை. விழுந்தால் முட்டி போய்விடும். அவள் வகுப்பில் பாடப்புத்தகத்தைவிட பிளாஸ்திரி அதிகம் செலவானது. போன வகுப்பு ஒரு நாள்கூடப் புல்லில் ஓடாமலே அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது. 'இந்த வகுப்பு ஓடும்' என்று அவள் சொன்னாள். சத்தமாக, பெற்றோர் எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்.

கோடை முழுக்க இயந்திரங்கள் வேலை செய்தன. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். தூசி கிளம்பாமல் தண்ணீர் அடித்துக்கொண்டே லாரி லாரியாக வெளியேற்றினார்கள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வலையை விரித்தார்கள். பின்னால் யாராவது குழி தோண்டினால் ஆரஞ்சு கண்ணில் படும், கை நிற்கும். அதற்குமேல் சுத்தமான மண், அதற்குமேல் பாய் மாதிரி சுருட்டி வந்த புல்.

(நான் கைவிட்ட வாக்கியங்களை அழிக்காமல் விட்டிருக்கிறேன் அல்லவா? அதுவும் என் ஆரஞ்சு வலைதான். இதற்குக் கீழே கிழவி ஏற்கெனவே தோண்டிப் பார்த்துவிட்டாள் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

திங்கட்கிழமை மாநிலத்து ஆள் வந்து கடைசியாக ஒருமுறை மண் எடுப்பார். தேறினால் வேலி நிரந்தரமாகப் போகும். தேறாவிட்டால் வேலி திரும்ப வரும். அதற்குள் குளிர் வந்து தரை இறுகிவிடும், வசந்தம் வரை ஒரு மண்வெட்டியும் இறங்காது. இந்த வகுப்பும் தார்த் தரையிலேயே முடிந்துவிடும்.

மரிசெலா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். தோட்டத்து பூட்ஸில் ஒட்டி வரும் மண்கூட உள்ளே போகக்கூடாது என்று வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு பெஞ்சு போட்டாள். எல்லோரும் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பூட்ஸை யோசித்தாள். வாளியை யோசிக்கவில்லை!

4

எங்கள் பக்கம் யார் புது மண்ணில் கால் வைத்தாலும், அது வீடானாலும் தோட்டமானாலும், தெரிந்தவர்கள் ஆளுக்கொரு வாளி மண் கொண்டுவந்து கொட்டுவார்கள். இருப்பதில் நல்ல மண்ணாகப் பார்த்து எடுப்பார்கள். நல்ல மண் எது? தாத்தா நட்ட முதல் வரிசை. பெருமைக்குரிய வரிசை. அதிக வருஷம் மருந்து குடித்த வரிசையும் அதுதான்.

புரிகிறதா?

நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கார் நிறுத்துமிடம் திருவிழா மாதிரி இருந்தது. சோளமாவில் செய்த தமாலே வேகும் அண்டாவிலிருந்து ஆவி. அறுவடையின் முதல் ஆப்பிள்கள் கூடை கூடையாக. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாளி! பெயின்ட் வாளி, பால் வாளி, ரிப்பன் கட்டிய வாளி. அத்தனை முகத்திலும் சிரிப்பு. கோடை முழுக்க வெளியே தள்ளிய அதே மண்ணை, அன்போடு, திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மரிசெலா வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் கொட்டாதீங்க! கடவுளே, எல்லாரும் கீழே வைங்க! அங்கேயே!"

"நல்ல மண்ணு டீச்சர், எங்க தாத்தா வரிசை," என்றான் ஒருவன்.

"அந்தத் தாத்தா வரிசையைத்தானே கோடை பூரா வாரிக் கொட்டினோம்!"

ஒரு நிமிஷம் எல்லோரும் அவரவர் வாளியைப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள் பாருங்கள், அது அப்படியே வரிசை முழுக்கப் பரவியது. "நாம மனுஷங்களா, கழுதைங்களா?" "கழுதை மண்ணு சுமக்கும், திருப்பிக் கொண்டுவராது!" வாளிகள் டங்கு டங்கென்று தார்த் தரையில் இறங்கின. சாயங்காலம் அவரவர் வீட்டுக்கே எடுத்துப்போவதாகப் பேச்சு. வெட்கமும் கும்மாளமுமாகப் பூட்ஸைக் கழற்றி உள்ளே போனார்கள்.

ஒரே ஒருவர் கீழே வைக்கவில்லை.

5

இங்கே ஒரு சந்தேகம். ஓரினை என்ன செய்வது?

வில்லனாக்கிப் பார்த்தேன். 'ஓரின் பிக்கெட் பல்லைக் கடித்தபடி, "என் நிலத்தை விஷம்னு சொல்ல நீ யாரு?" என்று உறுமி'

"நான் எங்கே உறுமினேன்?"

தலையைத் தூக்கினால், பள்ளி வாசலில் எனக்குப் போட்டிருந்த மேஜைக்குப் பக்கத்தில் அவரே நிற்கிறார், வாளியோடு. என் காகிதத்தை எட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"கதைக்காரி, எனக்குக் கடிக்கப் பல்லே கிடையாது. எல்லாம் கட்டினது."

"சரி, அந்த வரியை அடிச்சிடறேன்."

"அடிக்காதே. இருக்கட்டும். நீ பொய் எழுதினேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

ஆகவே விட்டிருக்கிறேன். உண்மையில் நடந்தது இது. மரிசெலா அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மிஸ்டர் பிக்கெட், கீழே வைங்களேன்."

"ஒரே ஒரு வாளிம்மா."

"எல்லாரும் ஒரே ஒரு வாளிதான் கொண்டுவந்தாங்க."

"மூலையில கொட்டிட்டுப் போயிடறேன். வேலி இருந்த ஓரமா. யார் காலும் படாது."

"திங்கக்கிழமை வர்றவரு எந்த மூலையில குத்திப் பார்ப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? தேறலைன்னா இந்தப் புள்ளைங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

ஓரின் வாளியை மாற்றிப் பிடித்தார். "இங்கே அவ நட்ட மரம் ஒண்ணு இருந்துச்சு. அதையும் மண்ணோட எடுத்துட்டாங்க. சரி, எடுக்கத்தான் வேணும், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா பாரு, இப்ப இங்க அவளோடதுன்னு ஒரு பிடிகூட இல்லை. எல்லாம் எங்கேருந்தோ வந்த மண்ணு. அவ இங்கேதான் இருந்தா, மரிசெலா. என்கூட இருந்ததைவிட இங்கேதான் அதிகம் இருந்தா."

மரிசெலா வாளியைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சாப்பாட்டு மணி அடிச்சா வெர்னா டீச்சர் எங்களை வரிசையா நிக்க வெச்சு, 'நீட்டு கையை'ன்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொரு நகமா பார்ப்பாங்க. மண்ணு இருந்துச்சோ, போய்க் கழுவிட்டு வரணும். அழுதாலும் விடமாட்டாங்க."

"வீட்டுலயும் அப்படித்தான்," என்றார் ஓரின். "தோட்டத்துலேருந்து வந்தா என்னையே வாசல்ல நிக்க வெச்சுடுவா."

"மண்ணுல என்ன இருக்குன்னு தெரியாமலே எங்களைக் காப்பாத்தியிருக்காங்க."

 நான் இந்த இடத்தில் மரிசெலாவின் கண்ணில் ஒரு துளி நீர் வைத்திருந்தேன். அவள் படித்துவிட்டு, "கதையம்மா, அது புல்லுத் தூசி, எனக்கு ஒத்துக்காது, தும்மல்கூட வந்துச்சே, அதை ஏன் எழுதலை?" என்றாள். தும்மினாள். எழுதிவிட்டேன்.

6

முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன, மூன்றும் தகராறு.

அ) ஓரின் மனம் மாறி, வாளியை வண்டியில் வைத்து, சீட் பெல்ட்டைப் போட்டு, வீட்டுக்கே போய்விடுகிறார். சுத்தமான முடிவு. ஆனால் அந்த வளைவில் திரும்பும்போது அவர் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன், பேனா ஓடவில்லை.

ஆ) கொட்டிவிடுகிறார். திங்கட்கிழமை மாநிலத்து ஆள் சரியாக அதே இடத்தில் (இல்லை. என்னால் முடியாது. வேலிக்காரர்கள் திரும்பி வருவதை எழுத உட்கார்ந்தேன், உள்ளேயிருந்து பிள்ளைகள் கத்துவது காதில் விழுந்தது. எழுந்துவிட்டேன்.)

இ) ஒரு சின்னக் குழந்தை ஓடிவந்து, அவர் கையைப் பிடித்து, அழகாக ஏதோ சொல்லி (குழந்தைகளைக் கூப்பிட்டுக் கதையை முடிப்பது பெரியவர்களின் சோம்பேறித்தனம். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. இப்போது எல்லோரும் புல்லில் உருண்டுகொண்டிருக்கிறார்கள்!)

7

நிறுத்துங்கள், நிறுத்துங்கள். நான்காவது ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நடக்க நடக்க எழுதுகிறேன்.

மரிசெலா சொல்கிறாள்: "கொட்டுறது கொட்டாதது அப்புறம். முதல்ல உள்ளே வந்து ஒரு சுத்து நடங்க. வெர்னா டீச்சரோட வகுப்புதான் ஓடுது."

"வாளியோடயா?"

"வாளி இல்லாம. பூட்ஸும் இல்லாம."

ஓரின் பெஞ்சைப் பார்க்கிறார், தன் பூட்ஸைப் பார்க்கிறார். கயிறு இறுக்கிக் கட்டியது, அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். சுற்றிலும் பார்க்கிறார். வாளியைத் தரையில் மற்ற வாளிகளோடு வைக்க மனம் வரவில்லை. என்னிடம் வருகிறார்.

"கதைக்காரி, இதைக் கொஞ்சம் பிடி."

"நானா? நான் எழுதறேன்."

"ஒரு கையால எழுது."

பிடித்துக்கொண்டேன். அம்மாடி, என்ன கனம்! ஓரின் பூட்ஸைக் கழற்றுகிறார், காலுறையையும் கழற்றுகிறார். வெள்ளை வெளேரென்ற பாதம், வெயிலே காணாதது. புல்லில் வைக்கிறார். கூச்சம்போல, ஒரு துள்ளு துள்ளுகிறார். உள்ளே அத்தனை பிள்ளைகளும் 'ஓ' என்று கத்துகிறார்கள். மரிசெலா தும்முகிறாள், சிரிக்கிறாள். அவர் நடக்கிறார். அந்த மரம் இருந்த இடத்தில் நிற்கிறார். குனிந்து உள்ளங்கையால் புல்லைத் தடவுகிறார்.

இப்போது திரும்புகிறார். வாசலை நோக்கி வருகிறார். முகத்தில் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை. வெயில் அவருக்குப் பின்னால்.

கண்ணுங்களா, எனக்குக் கை வலிக்கிறது. வயதாகிவிட்டது, ஒரு கையால் எழுதிக்கொண்டு இதைத் தாங்க முடியாது. நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள், சாய்த்துவிடாதீர்கள், வெர்னாவோடது. பிடித்துவிட்டீர்களா? சரி.

பிள்ளைகள் என்னைக் கூப்பிடுகிறார்கள், கதை எங்கே என்று. நானும் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறேன்.

ஓரின் வந்துவிட்டார். உங்கள் முன்னால்தான் நிற்கிறார். வெர்னா டீச்சர் முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி கையை நீட்டுகிறார், பத்து விரலையும் விரித்து, நகம் மேலே தெரிய. காலையில் வாளி நிரப்பிய மண் ஒவ்வொரு நகத்திலும் கறுப்பாக இருக்கிறது.

வாளி உங்களிடம் இருக்கிறது. அதோ, குழாயும் பக்கத்தில்தான்.