பன்னிரண்டு தடவை

நூலகத்தில் மின்னிதழ்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். எதற்குச் சந்தா கட்டுவது, எதை நிறுத்துவது, யாருக்குக் கடவுச்சொல் மறந்துபோனது எல்லாம் அவன் தலையில்தான். கடவுச்சொல்லை மறந்தவர்கள் மட்டும் அவனை ஒருநாளும் மறந்ததில்லை.

புதன்கிழமைதோறும் தையல்கார அக்கா வருவார். அவர் மகளுக்குத் தசைகள் மெல்ல வலுவிழந்துகொண்டே போகும் ஓர் அபூர்வ நோய். அதைப் பற்றி மட்டுமே எழுதும் மருத்துவ இதழ் ஒன்று இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையை மூன்று வாரம் படிப்பார். புரிந்ததை நோட்டில் எழுதி, அதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குப் போய்ச் சொல்வார்.

இதழின் இணையதளத்துக்குள் நுழைவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பாவம் பார்த்து, மாதம் ஒருமுறை இவனே புது இதழை இறக்கி வாசிப்பறைக் கணினியில் வைத்துவிடுவான். ஐந்து வருடமாக அப்படித்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வருடக் கடைசியில் தலைமை நூலகர் பயன்பாட்டு அறிக்கை கேட்டார். நானூறு இதழ்கள், யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது? இணையதளங்கள் கொடுத்த எண்ணிக்கையை அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டான். ஐம்பது தடவைக்குக் கீழே திறக்கப்பட்டவை எல்லாம் நிறுத்தப்பட்டன.

நிறுத்தியவற்றின் பட்டியலில் அந்த இதழைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை என்று இருந்தது. கணினியில் இருக்கும் நகலை அக்கா நூறு தடவை திறந்தாலும் இணையதளத்துக்கு அது தெரியாது. பன்னிரண்டும் இவன் இறக்கியவை.

தலைமை நூலகரிடம் ஓடினான்.

“பன்னெண்டுன்னு நீங்கதானே குடுத்தீங்க?”

“நான் இறக்கி வச்சிருந்தேன் சார். அதுல படிக்கிறவங்க இருக்காங்க.”

“அப்படி வைக்கவே கூடாதுன்னு பதிப்பகத்தோட ஒப்பந்தத்துல இருக்கு. வெளிய சொல்லித் தொலைக்காதீங்க. இருக்கறதையும் அழிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சந்தாவை அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அழித்தான். ஐந்து வருட இதழ்களும் ஒரே நிமிடத்தில் போயின.

புதனன்று அக்கா வந்தார். மகளுக்கு இப்போது ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே கணினி முன் உட்கார்ந்தார்.

“ஒண்ணையும் காணோமே தம்பி. புதுசு வந்துச்சா?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சொன்னால் தன் கைவரிசையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

“அந்த இதழ் இனிமே வெளிவராதாம்க்கா. பழசையும் எடுத்துட்டாங்க.”

அக்கா வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இதுக்கு மருந்து தேடறதையே விட்டுட்டாங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பக்கத்து நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினான்.

அக்கா பேனாவை மூடி, அகராதியையும் நோட்டையும் பைக்குள் வைத்தார்.

“சரி தம்பி. மத்தவங்ககிட்டயும் சொல்லிடறேன். பாவம், நம்பிக்கிட்டே இருக்காங்க.”