கால் சில்லிட்ட மாப்பிள்ளை

இந்தக் காலத்தில் எவனுக்கும் பயம் என்று சொல்ல வாய் வருவதில்லை. பழியைத் தூக்கிக் காலின் மேலும் கையின் மேலும் போட்டுவிடுகிறார்கள். செங்கோட்டையனுக்கு இரண்டு நாளாக இதே எரிச்சல். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் முடிந்து, முகூர்த்தத்துக்குப் பதினொரு நாள் இருக்கையில், பேத்தி நர்மதாவின் போனுக்கு மாப்பிள்ளை நவீன்குமாரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. இங்கிலீஷில்.

"கால் சில்லிட்டுப் போச்சாமுங்க அப்பாரு," என்றாள் அவள். "பயந்துட்டேங்கறத இங்கிலீஷ்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க."

அதற்கப்புறம் அவள் சோற்றைத் தொடவில்லை. கிழவருக்குத் தெரிந்து பயம் வந்தால் வயிறுதான் கலங்கும். கால் எங்கே வந்தது?

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அவர் நாற்பது வருஷத் தரகர். பேச வேண்டும் என்று நவீன்குமாரை அங்கேயே வரச் சொல்லியிருந்தார். வந்தவன் கோயமுத்தூர்க் கம்பெனிச் சட்டையில் சாணி படாமல் ஒதுங்கி நின்றான். வாய்க்குள் இங்கிலீஷில் ஒன்று சொல்லி, அதைத் தமிழாக்கிக்கொண்டே போனான்.

"வேலை கழுத்து வரைக்கும் இருக்குதுங்க. ஊட்ல வேற கையக் கட்டிப் போட்ட மாதிரி..."

"கழுத்து, கை, கால். ஆளாளுக்கு ஒண்ணு பேசுதுங்க மாப்ள. நீங்க என்ன பேசறீங்க?"

கிழவர் தோள்துண்டை உருவித் தன் கைமேல் போட்டு நீட்டினார். சந்தையில் விலை அப்படித்தான் முடியும். துண்டுக்கடியில் விரலோடு விரல் பேசும். இறுகப் பிடித்தால் முடிந்தது, விட்டால் இல்லை.

"கண்ணாலம் வேணும்னா புடிங்க. வேண்டாம்னா உடுங்க. இதுக்குள்ள வாய்க்கு வேலையில்ல."

"மாடு வாங்கற மாதிரியாங்க?"

"மாடு வாங்கறவன் இத்தன சுத்தி வளைக்க மாட்டானுங்க."

துண்டுக்குள் வந்த கை வெகுநேரம் பிடிக்கவுமில்லை, விடவுமில்லை.

"பயமா இருக்குதுங்க," என்றான் கடைசியில். "அவள நல்லா வெச்சுக்குவனான்னு."

"இத மொதல்லயே சொல்லறதுக்கென்ன?"

கை இறுகியது. "நர்மதாகிட்ட நானே சொல்லிக்கறனுங்க," என்று அவன் போனை எடுத்தான்.

செங்கோட்டையன் துண்டில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். இந்தத் துண்டுக்குள் பிடித்தவன் எவனும் பேச்சு மாறியதில்லை. ஆனால் அவர்களெல்லாம் மாடு வாங்க வந்தவர்கள். அதோடு, இவன் கை ஐஸாக இருந்தது. காலைச் சொன்னவன் கையைச் சொல்லவில்லையே.

துண்டை உதறித் தோளில் போட்டவர், போனில் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க நிற்காமல், மாடுகளின் பக்கம் நடந்தார்.